வேலைக்கு நடுவே ஒரு சுமைதாங்கி

(நம் பங்கின் பொன்விழா ஆண்டில், மே முதல் நாள் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் பங்குத் தொழிலாளர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



 

இந்தக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். "ஐந்து நிமிடத்தைப் பற்றி" என்றோம். "பேச்சே ஐந்து நிமிடந்தானா? மிக்க மகிழ்ச்சி!" என்றார் ஒரு பெரியவர். இல்லை ஐயா, பேச்சு சற்று நீளும். பேசப்படும் பொருள்தான் ஐந்து நிமிடம். வேலைக்கு நடுவே நாம் எடுக்க வேண்டிய, எடுக்காமல் விடுகிற, பிறருக்குக் கொடுக்கவும் மறுக்கிற அந்த ஐந்து நிமிடம்.

கடந்த தவக்காலத்தில் நாங்கள் இருவர் இருவராகப் பிரிந்து நம் பங்கில் உழைப்போரின் வீடுகளுக்குச் சென்று வந்தோம். கூலியைப் பற்றிச் சொல்வார்கள், கடனைப் பற்றிச் சொல்வார்கள், பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பற்றிச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனோம். எல்லாவற்றையும் சொன்னார்கள். ஆனால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும், நாங்கள் கேட்காமலே வந்த வார்த்தை ஒன்று உண்டு. "மூச்சு விட நேரமில்லீங்க" என்பதே அது.

நூற்பாலையில் சைடராக வேலை பார்க்கும் ஒரு சகோதரி சொன்னார்: "எட்டு மணி நேரமும் ரிங் பிரேமுக்கு நடுவுல நடந்துக்கிட்டே இருக்கோணுங்க. தண்ணி குடிக்கப் போய்ட்டு வந்தா ஏழெட்டு இழை அறுந்து நிக்கும். மேஸ்திரி என்ன சொல்லுவாரோன்னு தண்ணியே குடிக்கிறதில்லீங்க." ஜவுளிக் கடையில் நிற்கும் ஒரு மகள் தன் வீங்கிய கால்களைத் தன் தாய்க்குக் காட்டாமல் மறைத்து வைத்திருந்தாள். பேருந்து ஓட்டும் சகோதரர் ஒருவர், நெரிசலில் வண்டி தாமதமானால் கடைசி நிறுத்தத்தில் கிடைக்க வேண்டிய பத்து நிமிடமும் பறிபோய்விடுகிறது என்றார். கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞன், மதியச் சாப்பாட்டைத் திரைக்கு முன்னாலேயே முடித்துவிடுவதாகப் பெருமையோடு சொன்னான். இரவில் தூக்கம் வருவதில்லை என்பதை மட்டும் பெருமையில்லாமல் சொன்னான். இன்னொரு வீட்டில் ஒரு தாய், "எனக்கென்னங்க வேலை, வீட்டுலதானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நாங்கள் இருந்த அரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட உட்காராமல் எங்களுக்குக் காப்பி போட்டார், துணி மடித்தார், பேரனைக் குளிப்பாட்டினார்.

இவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலையை வெறுப்பவர்களும் அல்லர். இழுத்துக் கட்டிய கயிற்றைப் போல நாள் முழுதும் இறுக்கத்தில் இருப்பவர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இறுக்கம் தளர்வதில்லை. அது பிள்ளையின் முதுகில் அடியாக விழுகிறது. கணவன் மனைவிக்கிடையே கடுஞ்சொல்லாக வெடிக்கிறது. சில வீடுகளில் மதுக்கடைக்கும் வழிகாட்டுகிறது.

எங்கள் குழுவில் நடந்தது

பிறர் வீட்டுக் கதையை மட்டும் சொல்லிவிட்டு எங்கள் கதையை மறைப்பது முறையாகாது. எங்கள் குழுவிலே ஒருவருக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையின் கார்டிங் பகுதியில் அவர் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாலை நான்கு மணி இருக்கும். கண் எரிந்தது, தலை கனத்தது. "ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேண்ணா" என்று மேஸ்திரியிடம் கேட்டார். "இந்தக் கேன் நிறையட்டும் தம்பி, மாத்திட்டுப் போ" என்றார் மேஸ்திரி. கொடுமைக்காரர் அல்லர் அவர். உற்பத்தி குறைந்தால் காலையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எந்திரத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டது. தம்பி சுவிட்சை நிறுத்தினார். ஆனால் சுவிட்சை நிறுத்தியதும் அந்தப் பெரிய உருளை நின்றுவிடுவதில்லை. தன் வேகத்திலேயே சுழன்று மெல்ல மெல்லத்தான் ஓயும். இது அவருக்குத் தெரியாததல்ல. புதிதாக வந்தவர்களுக்கு அவரே பலமுறை சொல்லிக்கொடுத்த பாடம். களைத்துப்போன மூளை அந்த ஒன்றை மறந்தது. கையை உள்ளே விட்டார்.

அன்று மேற்பார்வை பார்த்த அந்த மேஸ்திரியும் இன்று எங்கள் குழுவில்தான் இருக்கிறார். அவர் சொல்வது இது: "நான் மிச்சம் பிடிச்சது அஞ்சு நிமிஷம். அந்த எந்திரம் அன்னைக்கு விடியற வரைக்கும் ஓடல. தம்பியோட கை இன்னைக்கு வரைக்கும் முழுசா ஓடல." இதற்கு மேல் நாங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

முன்னோர் நட்ட கல்

நம் ஊர்ப்புறச் சாலைகளில் பழைய சுமைதாங்கிக் கற்களை இன்றும் சில இடங்களில் காணலாம். நிமிர்த்து நட்ட இரண்டு கற்கள். அவற்றின் மேல் படுக்கையாக ஒரு கல். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்கள், பிறர் கை கொடுக்காமலே சுமையை அதன்மேல் இறக்கி, சற்று நின்று, வியர்வை துடைத்து, மீண்டும் தாமாகவே தலைக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். அதற்கு ஏற்ற உயரத்தில் அந்தக் கல்லை நம் முன்னோர் நட்டார்கள். பிள்ளையைப் பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் இக்கல்லை நடுவது வழக்கம். தங்கள் மகள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை நினைத்து, வழியில் போகும் முன்பின் அறியாதவர்களின் சுமைக்கு ஓர் இடம் செய்து வைத்தார்கள்.

இந்தக் கல் நமக்கு மூன்று பாடங்களைச் சொல்கிறது. முதலாவது, அது வீட்டில் இல்லை. நடக்கும் பாதையிலேயே இருக்கிறது. வேலை முடிந்த பின் வரும் ஓய்வு வேறு. வேலைக்கு நடுவே வேண்டிய ஓய்வு வேறு. இரண்டாவது, அது படுத்துறங்கும் கட்டில் அன்று. சற்று நேரம் நின்று போகும் இடம். மூன்றாவது, சுமப்பவன் அதை நடவில்லை. வேறொருவர் அவனுக்காக நட்டு வைத்தார். இந்த மூன்றாவது பாடத்துக்குப் பிறகு வருவோம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

மன இறுக்கம் என்பது மனத்தில் மட்டும் இருப்பதன்று, உடலெங்கும் ஓடுவது. வியன்னாவில் பிறந்து கனடாவில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செலியே என்ற மருத்துவ அறிஞர் 1936இல் இதைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார். குளிர், காயம், அளவுமீறிய உழைப்பு என்று தாக்குவது எதுவாயினும் உடல் ஒரே வகையான போராட்டத்தில் இறங்குகிறது என்றும், அந்தப் போராட்டம் நீண்டுகொண்டே போனால் உடல் தன் எதிர்ப்பு வலிமையை இழந்து சோர்ந்துவிடுகிறது என்றும் அவர் கண்டார்.

மேலதிகாரியின் அதட்டல் கேட்கிறது. அல்லது, இன்று மாலைக்குள் முடித்தே ஆக வேண்டும் என்ற ஆணை வருகிறது. உடனே சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் நீர்களை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் விறைக்கின்றன. புலியைக் கண்டு ஓடுவதற்கு இது நல்ல ஏற்பாடு. ஓடி முடித்ததும் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் ஆலையிலும் அலுவலகத்திலும் உள்ள புலி போவதே இல்லை. காலை எட்டு மணிக்கு வந்து மாலை வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஏறிய அழுத்தம் இறங்க இடமில்லாமல் நாள்தோறும் ஏறியே இருந்தால், தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை, எரிச்சல், பிறகு இதய நோய் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. சிறு ஓய்வு என்பது, ஏறியது இறங்குவதற்கு நாம் கொடுக்கும் இடைவெளி.

ஆலைகள் கற்ற பாடம்

"ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையாதா?" என்று முதலாளிகளும் மேஸ்திரிகளும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு நூற்பாலை நூறாண்டுக்கு முன்பே விடை கண்டது.

அந்த ஆலையின் ஒரு பகுதியில் மட்டும் ஆட்கள் நிலைக்கவே இல்லை. ஓராண்டில் அங்கே வந்து போனவர்களின் எண்ணிக்கை, அங்குள்ள வேலையிடங்களைப் போல் இரண்டரை மடங்கு. வேலை என்ன தெரியுமா? நீண்ட எந்திரங்களின் வரிசையில் மேலும் கீழும் நடந்து அறுந்த இழைகளை ஒட்டுவது. நம் சைடர் சகோதரிகளின் வேலைதான். எத்தனையோ ஊக்கத் தொகைத் திட்டங்களை வைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. 1923இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த எல்டன் மேயோ என்ற அறிஞரை அழைத்தார்கள். அவர் தொழிலாளரோடு பேசினார். கால் வலி, தனிமை, எதிர்காலத்தைப் பற்றிய கசப்பு ஆகியவற்றைக் கண்டார். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று பத்துப் பத்து நிமிட ஓய்வு கொடுக்கச் சொன்னார். அந்த நேரத்தில் படுத்துக்கொள்ளவும் இடம் செய்யச் சொன்னார். ஆட்கள் நின்றார்கள். உற்பத்தி ஏறியது. அதுவரை எட்டாத ஊக்கத் தொகையும் கைக்கு வந்தது.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அவசரச் சரக்கு கேட்டு ஆர்டர் வந்தபோது, மேற்பார்வையாளர்கள் "இப்போது ஓய்வுக்கு நேரமில்லை" என்று அதை நிறுத்திவிட்டார்கள். சில நாட்களிலேயே உற்பத்தி சரிந்தது. பழைய சோர்வு திரும்பியது. ஆலைத் தலைவரே தலையிட்டு, ஓய்வு நேரத்தில் எந்திரங்களையே நிறுத்தச் செய்தார். மீண்டும் நிலைமை சீரானது. இதற்கு ஓய்வு மட்டும்தான் காரணமா, தங்கள் குறையைக் கேட்க ஒருவர் வந்தாரே என்ற ஆறுதலும் காரணமா என்று அறிஞர்கள் பின்னர் வாதிட்டார்கள். இரண்டும் இருக்கட்டுமே! இரண்டும் நம் தொழிலாளருக்குத் தேவைதானே?

நம் நாட்டிலும் இந்தச் சிறு இடைவேளைகள் சும்மா வந்தவை அல்ல. 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் மூலமாகத்தான், 11 மணி நேரம் வேலை செய்த பெண்களுக்கு அதற்குள் ஒன்றரை மணி நேர ஓய்வு கட்டாயமாயிற்று. அதே 1891இல்தான் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தம் புகழ்பெற்ற தொழிலாளர் திருமடலில், உழைப்பில் செலவாகும் வலிமைக்கு ஏற்ற ஓய்வு தொழிலாளருக்கு உரியது என்று உலகுக்குச் சொன்னார். 1918 ஏப்ரலில் சென்னைப் பெரம்பூரில், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஆலைத் தொழிலாளர் முதலில் எடுத்துச் சொன்ன குறைகளுள் ஒன்று, சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பதே. பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் போன்றோர் அவர்களுக்காக நின்றார்கள். பல பத்தாண்டுகள் நம் ஆலைகளை ஆண்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் எவரையும் வேலை வாங்கலாகாது, அதற்குள் குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும் என்று விதித்தது. 1961இல் வந்த மகப்பேற்று நலச் சட்டம், பணிக்குத் திரும்பிய தாய்க்கு, குழந்தை பதினைந்து மாதம் நிறையும் வரை பாலூட்ட நாளைக்கு இரண்டு இடைவேளை தந்தது. சுமைதாங்கி நட்டவர்களின் மனம் இந்தச் சட்டங்களிலும் இருக்கிறது.

இன்னும் அண்மைக்கு வருவோம். கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பெண்களின் வேதனையைக் கேரளத்துப் பெண் தொழிலாளர்களே வீதிக்குக் கொண்டு வந்தார்கள். அதன் பயனாக 2018இல் அம்மாநிலம், கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. 2021இல் நம் தமிழ்நாடும் அப்படியே செய்தது. நாற்காலிக்கு ஒரு சட்டமா என்று நகைக்க வேண்டாம். வீங்கிய காலைத் தாய்க்குக் காட்டாமல் மறைத்த அந்த மகளைக் கேளுங்கள், சொல்வாள். இருக்கை வந்தும் உட்கார அஞ்சுகிறவர்கள் உண்டு என்பதையும் அவளே சொல்வாள்.

எப்படி ஓய்வெடுப்பது?

2022இல் ருமேனியா நாட்டு உளவியலாளர்கள், பத்து நிமிடத்துக்கு மேற்படாத சிறு ஓய்வுகளைப் பற்றி நடந்த 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இத்தகைய ஓய்வு களைப்பைக் குறைக்கிறது, உற்சாகத்தைக் கூட்டுகிறது என்று கண்டார்கள். ஆனால் மூளையைக் கசக்கும் கடினமான வேலையில் திறமை திரும்ப வர, பத்து நிமிடத்துக்கும் மேலான ஓய்வு தேவைப்படலாம் என்றும் சொன்னார்கள். ஆகவே வேலைக்குத் தக்கபடி ஓய்வும் மாற வேண்டும். எங்கள் அனுபவத்தில் கண்ட சில எளிய முறைகளைச் சொல்கிறோம்.

நின்று வேலை செய்வோர் உட்கார வேண்டும். கெண்டைக்கால் தசைதான் காலிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அந்தப் பம்பு வேலை செய்வதில்லை; அதனால்தான் வீக்கம் வருகிறது, நரம்பு சுருட்டிக்கொள்கிறது. உட்கார முடியாத வேளையில் குதிகாலைப் பத்துப் பதினைந்து தடவை உயர்த்தி இறக்குங்கள்.

உட்கார்ந்து வேலை செய்வோர் எழ வேண்டும். தண்ணீர்ச் சொம்பை மேசையில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தாலே போதும். அது நம்மை எழுப்பிவிடும். திரையைப் பார்த்து வேலை செய்வோர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒரு பொருளை 20 வினாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தால் அது கடவுள் தந்த மருந்து.

வண்டி ஓட்டுவோர் கடைசி நிறுத்தத்தில் இருக்கையிலேயே சாய்ந்து கிடக்காமல், இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். உடம்பும் தளரும், டயரையும் பார்த்ததாகும். இரவுப் பணி பார்ப்போர் அதிகாலை இரண்டு முதல் ஐந்து மணி வரை மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்நேரத்தில் உடல் தன் இயல்பாலேயே உறக்கத்தை நாடுகிறது; மன உறுதியால் அதை வெல்ல முடியாது. செவிலியரும் காவலரும் அந்நேரத்தில் ஒருவருக்கொருவர் மாற்றாக நிற்க முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பொதுவான ஒன்று மூச்சு. மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே தணிகிறது. பத்து மூச்சுக்கு ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடம் ஆகும். அதட்டல் வாங்கியவுடன், பதில் சொல்லும் முன், இதைச் செய்து பாருங்கள். பதறாத காரியம் சிதறாது என்பது சும்மா சொன்னதல்ல.

இன்னொன்றும் முக்கியம். களைத்து விழுந்த பிறகு எடுப்பது ஓய்வன்று, சிகிச்சை. களைப்பதற்கு முன்பே எடுங்கள். கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் நம் குடியானவர்கள் மாடு நுரை தள்ளும் வரை காத்திருந்ததில்லை. வெயில் ஏறும் முன்பே அவிழ்த்து நிழலில் கட்டினார்கள். மாட்டுக்குக் காட்டிய அறிவை நமக்கு நாமே காட்டக் கூடாதா?

ஓய்வு போல் தோன்றி ஓய்வாகாதவையும் உண்டு. சிகரெட்டு ஓய்வன்று, அது கேட்கும் அடுத்த சிகரெட்டுக்குத்தான் அது மருந்து. கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பது ஓய்வன்று. ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு மாறினோம், அவ்வளவே. நாலு பேர் கூடி மேலதிகாரியைத் திட்டித் தீர்ப்பதும் ஓய்வன்று; இறக்கிய சுமையை இரட்டிப்பாக ஏற்றிக்கொள்வது அது.

ஐந்து நிமிடம் எல்லா நோய்க்கும் மருந்தென்று நாங்கள் சொல்லவில்லை. கூலி குறைவென்றால் கூலியைத்தான் கேட்க வேண்டும். வேலை நேரம் அளவு மீறினால் அதைத்தான் குறைக்க வேண்டும். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் வந்த இதய நோயினாலும் பக்கவாதத்தினாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,45,000 பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். தேநீர் இடைவேளையால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. அதுபோல, வாரக் கணக்கில் தூக்கமில்லை, வாழ்வே வெறுக்கிறது என்ற நிலை வந்தால் மருத்துவரிடம் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்லை நடுவது யார்?

இப்போது மூன்றாவது பாடத்துக்கு வருகிறோம். சுமைதாங்கியைச் சுமப்பவன் நடவில்லை என்றோம். அப்படியானால் நடுவது யார்?

நாம்தான். நம்மில் மேஸ்திரிகள் இருக்கிறோம். கடை வைத்திருப்போர் இருக்கிறோம். தையல் எந்திரம் நான்கு போட்டு ஆள் வைத்து வேலை வாங்குவோர் இருக்கிறோம். வீட்டு வேலைக்கு ஒரு அம்மாவை அமர்த்தியிருப்போரும் இருக்கிறோம். "போய்த் தண்ணி குடிச்சிட்டு வா கண்ணு, நான் பாத்துக்கிறேன்" என்று நாம் கடைசியாகச் சொன்னது எப்போது? உட்கார்ந்திருக்கும் பணியாளரைக் கண்டதும் முகம் சுளித்தது எத்தனை தடவை? இந்தக் கேள்வியை எங்களை நாங்களே கேட்டபோது எங்கள் தலையும் தாழ்ந்தது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலே உட்காராத அந்தத் தாய் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார். நாம் வேலை விட்டு வந்து காலை நீட்டும் நேரத்தில்தான் அவருடைய இரண்டாவது ஷிப்டு தொடங்குகிறது. தட்டைக் கழுவி வைப்பதால் ஆணின் மதிப்புக் குறையாது. அவரை உட்கார வைத்துப் பரிமாறிப் பாருங்கள்; முதலில் பதறுவார், பிறகு பழகிக்கொள்வார்.

பங்காகவும் ஒன்று செய்வோம். நம் திருவிழா அன்னதானத்தில் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் தாய்மார்கள், கடைசிப் பந்தி முடியும் வரை உட்காருவதில்லை. பல வேளைகளில் அவர்களுக்குச் சாப்பாடே மிஞ்சுவதில்லை. ஐம்பது ஆண்டுகளாக இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்தப் பொன்விழா விருந்திலாவது, சமைப்போருக்கும் பரிமாறுவோருக்கும் ஒரு மணிக்கு ஒருமுறை மாற்று ஆட்கள் நிற்க வேண்டும்; சமையற்கூடத்தில் நான்கு பெஞ்சுகள் போட வேண்டும்; அவர்களுக்கான உணவை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும் என்று விழாக் குழுவை வேண்டிக்கொள்கிறோம். மாற்று ஆட்களின் பட்டியலில் எங்கள் குழுவினரின் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் கோயில் மணி நண்பகலில் ஒலிப்பதை நாம் அனைவரும் கேட்கிறோம். ஒரு காலத்தில் அந்த மணி கேட்டதும் வயலில் மண்வெட்டி நிற்கும், தறி நிற்கும், மூவேளைச் செபம் சொல்லி முடிக்கும் வரை கை ஓயும். ஆலைச் சங்கு வேலைக்கு அழைத்தது. கோயில் மணி வேலையை நிறுத்தச் சொன்னது. நம் ஆண்டவரும், வருவோரும் போவோருமாகச் சீடர்கள் உண்ணக்கூட நேரமில்லாமல் இருந்ததைக் கண்டபோது, இன்னும் உழையுங்கள் என்று சொல்லவில்லை. தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறச் சொன்னார். சற்று என்றுதான் சொன்னார். மக்கள் அங்கும் தேடி வந்துவிட்டார்கள். அவர் மீண்டும் எழுந்து பணி செய்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

விரல் இழந்த எங்கள் சகோதரர் இன்று வேறோர் இடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறார். இரவு ஷிப்டில் நான்கு மணி ஆனதும் ஒவ்வொருவராக அனுப்பி, அவர்கள் திரும்பி வரும் வரை அவர்களுடைய எந்திரத்தைத் தாமே நின்று பார்த்துக்கொள்கிறார். "எதுக்குண்ணா நீங்க நிக்கிறீங்க?" என்று பையன்கள் கேட்பார்களாம். அவர் கையைக் காட்டுவாராம், வேறொன்றும் சொல்வதில்லையாம்.

அவர் நட்டதும் ஒரு சுமைதாங்கிக் கல்தான். இந்தப் பொன்விழா ஆண்டில் நாம் ஒவ்வொருவரும் யாருக்காவது ஒரு கல்லை நடுவோம். நாளைக் காலையிலேயே தொடங்குவோம்.